கூலிக்குக் குதிரை ஏறியவர்கள்: கௌபாய் ஒளிப்படங்களின் தொடக்க காலம்

அமெரிக்க கௌபாய் என்பவர் ஹாலிவுட்டும் சிகரெட் விளம்பரமும் சேர்ந்து செய்த கற்பனை என்ற கருத்து கலை விமர்சனத்தில் இன்று செல்வாக்கோடு உலவுகிறது. ரிச்சர்ட் பிரின்ஸ் விளம்பரக் கௌபாய்களை 1980 முதல் மறுபடம் எடுத்துக் கலைக்கூடங்களில் வைத்த பிறகு, இது கேள்விக்கு அப்பாற்பட்ட முடிவாகவே ஆகிவிட்டது. விளம்பரங்களைப் பொறுத்தவரை இம்முடிவு சரி. அதையே பின்னோக்கி நீட்டி, மேய்ச்சல் நிலங்களில் எடுக்கப்பட்ட தொடக்க காலப் படங்களையும் புனைவென்று ஒதுக்குவது பெரும் பிழை. மாதச் சம்பளத்துக்கு மாடு மேய்த்தவர்களின் உழைப்பைப் பதிவு செய்த அரிய சான்றுகள் அவை.

கௌபாய் புராணத்தின் பொற்காலம் மிகக் குறைவாகவே படம்பிடிக்கப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1860களின் இறுதியிலிருந்து 1880களின் நடுப்பகுதி வரை, டெக்சஸ் மந்தைகள் கன்சாஸ் ரயில் நிலையங்களுக்கு நடத்திச் செல்லப்பட்டன. அக்காலத்து ஈரத் தகடு முறையில், மருந்து பூசிய கண்ணாடி காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். இருட்டறையைக் கூடவே சுமந்துகொண்டு, புழுதி கிளப்பி ஓடும் மந்தையைப் பின்தொடர்வது நடக்கிற காரியம் அல்ல. எனவே அக்காலத்து கௌபாய் பெரும்பாலும் நகரத்து ஸ்டூடியோவில்தான் சிக்கினார்: கையில் சம்பளப் பணம், தலையில் புதுத் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, பின்னால் வண்ணத் திரை. 1885இல் தியடோர் ரூஸ்வெல்ட் மான்தோல் உடை அணிந்து நியூயார்க் ஸ்டூடியோ ஒன்றில் நின்ற படம் இவ்வகையின் உச்சம். புனைவு என்ற குற்றச்சாட்டு இத்தகைய படங்களுக்கே பொருந்தும்.

1880 வாக்கில் பரவிய உலர் தகடு நிலைமையை மாற்றியது. தகடுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். எடுத்த படத்தைப் பிறகு கழுவலாம். வயோமிங்கின் ஷையனில் சார்லஸ் கிர்க்லண்ட் கால்நடைத் தொழிலைக் காட்டும் படவரிசை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டகோட்டாவில் ஜான் கிராபில் எடுத்த ‘தி கௌ பாய்’ (1888) இன்றும் எண்ணற்ற நூல்களில் அச்சாகிறது. ஆயினும் அது வேலையை நிறுத்திவிட்டுக் கேமராவுக்கு நின்ற மனிதரின் விறைத்த படம்.

இவர்களைக் காட்டிலும் முக்கியமானவர் லேட்டன் ஆல்டன் ஹஃப்மன். 1870களின் இறுதியில் மான்டானாவின் ஃபோர்ட் கியோ ராணுவ முகாமுக்கு ஒளிப்படக்காரராக வந்த அவர், பின்னர் மைல்ஸ் சிட்டியில் கடை வைத்தார். காட்டெருமைகள் அழிந்து, அவை மேய்ந்த புல்வெளியில் மாட்டு மந்தைகள் நிரம்பியதை அருகிருந்து கண்டவர் அவர். கனத்த கேமராவைச் சுமந்து மந்தை திரட்டும் குழுக்களோடு அலைந்தார்; குதிரை மேலிருந்தபடியே படமெடுக்கவும் செய்தார். இரவெல்லாம் குதிரைகளைக் காத்தவர் பகலில் படுத்துறங்கும் காட்சியை அவர் எடுத்திருக்கிறார். தூக்கமும் இத்தொழிலின் பகுதி என்று அறிந்த கண்ணுக்கே அது புலப்படும். 1886–87 குளிர்காலம் வடக்குச் சமவெளியில் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்றது. 1874இல் காப்புரிமை பெற்ற கிளிடனின் முள்கம்பி திறந்த மேய்ச்சலை மெல்ல அடைத்துக்கொண்டிருந்தது. முதுமையில் ஹஃப்மன் பழைய நெகட்டிவ்களுக்குப் பிரதி போட்டு, கையால் வண்ணம் தீட்டி விற்றார். அந்த வண்ணத்தில் ஏக்கம் கலந்திருக்கிறது. மூலப் படங்களில் அது இல்லை.

இத்துறையின் உச்சம் எர்வின் ஸ்மித். 1886இல் டெக்சஸின் ஹனி குரோவ் ஊரில் பிறந்த அவர் சிற்பியாக விரும்பினார்; சிகாகோவில் லொராடோ டாஃப்டிடமும் பாஸ்டனில் பேலா பிராட்டிடமும் பயின்றார். 1905 முதல் 1912 வரையிலான ஆண்டுகளில் ஜேஏ, மேட்டடோர், எல்எஸ் முதலிய பெரும் பண்ணைகளில் ஆட்களோடு தங்கி, அவர்களோடு குதிரை ஏறி, ஆயிரத்துக்கும் அதிகமான படங்களை எடுத்தார். எழுத்தாளர் ஜார்ஜ் பட்டுல்லோ சில பயணங்களில் உடன் சென்றார்.

ஸ்மித்தின் படங்களில் துப்பாக்கிக்கு வேலை குறைவு. சமையல் வண்டியருகே தரையில் அமர்ந்து உண்ணும் ஆட்கள், லாடம் அடிக்கக் காலைத் தூக்க மறுக்கும் குதிரை, சேற்றில் புதைந்த பசுவைக் கயிறு கட்டி இழுப்பவர்கள், கன்றை அமுக்கிப் பிடித்திருக்க மேலே இறங்கும் சூட்டுக்கோல் ஆகியவையே அவர் உலகம். சிற்பம் பயின்றதன் பயன் உடல்களின் பாரத்தில் தெரிகிறது: எந்த முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது, எந்தக் கை கயிற்றின் இழுப்பைத் தாங்குகிறது என்று ஒவ்வொரு படமும் சொல்கிறது. கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது பரவலான மதிப்பீடு. திரைப்படம் நெடுங்காலம் மறைத்த அவர்களும் மெக்சிகோ நாட்டு மேய்ப்பர்களும் ஸ்மித்தின் படங்களில் முகத்தோடு இருக்கிறார்கள். 1883இல் மாதம் 50 டாலர் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் நடந்த பண்ணைகளில் எல்எஸ் பண்ணையும் ஒன்று. அத்தகைய கூலி உறவை நினைவில் வைத்தே அவர் படங்களைப் பார்க்க வேண்டும்.

சில காட்சிகளை ஸ்மித் சொல்லி நிறுத்தி எடுத்தார் என்பது உண்மை. அவர் காலத்தில் திறந்த புல்வெளி போய் வேலியடைத்த பண்ணைகள் வந்துவிட்டன என்பதும் உண்மை. இரண்டையும் காட்டி அவரை வெறும் ஏக்கவாதி என்பது மேம்போக்கான வாசிப்பு. வேலி வந்த பிறகும் கன்றுக்குக் குறியிட வேண்டியிருந்தது, இரவுக் காவல் இருந்தது, மாவு பிசையச் சமையல்காரர் வேண்டியிருந்தார். ஸ்மித் காட்டியது அந்த வேலைகளை.

ஸ்மித்துக்கு இணையாக வைக்க வேண்டியவர், நெடுங்காலம் வைக்கப்படாதவர், எவலின் கேமரன். 1868இல் இங்கிலாந்தில் பிறந்து மான்டானாவின் டெர்ரி அருகே குடியேறிய இவர், 1894இல் படமெடுக்கத் தொடங்கினார். பணத்தட்டுப்பாட்டில் படங்களை விற்றுக் குடும்பச் செலவை ஈடுகட்டினார். பால் கறந்தார், குதிரைகளைப் பழக்கினார், நாள்தோறும் நாட்குறிப்பு எழுதினார். மந்தை திரட்டும் ஆட்களோடு, பண்ணை வேலை செய்த பக்லி சகோதரிகளையும் படமெடுத்தார். மாடு மேய்த்தலை ஆண்களின் சாகசமாகக் காட்டும் வரலாறுகளுக்கு அப்படங்களே மறுப்பு. 1928இல் அவர் இறந்த பின், ஏறத்தாழ 1,800 நெகட்டிவ்கள் ஒரு தோழியின் வீட்டு நிலவறையில் கிடந்தன. 1970களின் இறுதியில் டோனா லூசி அவற்றைக் கண்டெடுத்தார்; அவர் எழுதிய நூல் 1990இல்தான் வந்தது.

அடுத்து வந்தது சரிவு. வயோமிங்கின் பிட்ச்ஃபோர்க் பண்ணையில் சார்லஸ் பெல்டன் 1920களிலும் 30களிலும் எடுத்த படங்களில் வானம் பெரிதாகிறது, பனி மின்னுகிறது, வேலை சிறுக்கிறது. 1949இல் லைஃப் இதழுக்காக லெனார்ட் மக்கோம் படமெடுத்த சி. எச். லாங், ஸ்மித் சுற்றிய அதே ஜேஏ பண்ணையின் மேலாள். மார்ல்போரோ விளம்பரத்துக்கு அந்த முகமே தூண்டுதல் என்பர். விளம்பரம் முகத்தை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டது.

ஸ்மித்தின் தொகுப்பு டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்திலும், கேமரனின் தொகுப்பு மான்டானா வரலாற்றுச் சங்கத்திலும் இருக்கின்றன. கௌபாய் ஒளிப்பட வரலாற்றை விளம்பரத்திலிருந்து பின்னோக்கி எழுதுவதை விட்டு, இத்தொகுப்புகளிலிருந்து முன்னோக்கி எழுத வேண்டும். அப்படி எழுதினால் அது உழைப்பின் ஒளிப்பட வரலாற்றில் ஓர் அத்தியாயமாக அமையும். அதற்குரிய இடமும் அதுவே.