எல்லையும் பாயிரமும்: ம.பொ.சி.யின் ‘எனது போராட்டம்’

முன்னுரை

நூலாசிரியர் தம் நூலையும் தம் செயலையும் தாமே எடுத்துரைக்கலாமா என்னும் வினாவைத் தமிழ் இலக்கண மரபு முன்னரே எழுப்பியுள்ளது. எத்துணைக் கற்றவனாயினும் தன்னைத்தான் புகழ்தல் தகாது என்பது நன்னூலார் கருத்து. எனினும் அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றார் பழித்தபோதும் அது குற்றமாகாது என அவர் விலக்களிக்கின்றார். இவ்விலக்குகளை அளவுகோலாகக் கொண்டு, வடவெல்லைச் சிக்கலில் முன்னின்ற ம.பொ.சிவஞானத்தின் (1906–1995) தன்வரலாறாகிய ‘எனது போராட்டம்’ இங்கு மதிப்பிடப்படுகின்றது.

தன்னுரையின் தகுதி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக் கல்வி நின்று, அச்சகத்தில் எழுத்துக் கோத்து வாழ்ந்தவர் ம.பொ.சி. அத்தகைய ஒருவர் தம் ஆற்றலைத் தாமே நிறுவ வேண்டியிருந்தது. 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தோற்றுவித்த அவர், மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது சென்னை நகருக்காகவும் வேங்கடத்திற்காகவும் வாதிட்டார். ஓலை, அறியார், அவை, பழி என்னும் நான்கு சூழல்களும் அவர் வாழ்வில் ஒருங்கே அமைந்தன. ஆதலின் நூற்பெயரில் நிற்கும் ‘எனது’ என்னும் சொல் தற்புகழ்ச்சி அன்று; வழக்கில் சான்று கூறுவோன் தன் பெயரைப் பதிவு செய்தல் போன்றது எனலாம். ஆனால் சான்று கூறுவோனே வழக்காடுவோனாகவும் அமைதலின், அவர் கூற்றைப் பிற சான்றுகளோடு ஒப்பிடுதல் திறனாய்வாளரின் கடமையாகின்றது.

‘எல்லை’ என்னும் சொல்

சிறப்புப் பாயிரம் உணர்த்தும் எட்டனுள் எல்லையும் ஒன்று. அது நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறிப்பது. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் வேங்கடத்தையும் குமரியையும் சுட்டுவது, தமிழ் வழங்கும் பரப்பை உணர்த்துவதற்கேயன்றி அரசொன்றின் ஆட்சிப் பரப்பை வரையறுப்பதற்கன்று. வடவெல்லை இயக்கமோ மொழியின் எல்லையை மாநிலத்தின் எல்லையாக மாற்றிப் பொருள் கொண்டது. இம்மாற்றமே அவ்வியக்கத்தின் வலிமை. அதன் வாதத்தில் நெகிழ்ந்த இடமும் அதுவே.

சந்திரகிரி காட்டும் சான்று

திருமலைத் தொடரின் தென்புற அடிவாரத்தில் அமைந்தது சந்திரகிரி. பாயிரத்தின்படி அது எல்லைக்கு உட்பட்டது. அவ்வட்டம் 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வட ஆர்க்காட்டில் இருந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலத்தில் அமைந்தது. ஆயினும் அவ்வூர்க் கோட்டை வேறொரு வரலாற்றையும் உரைக்கின்றது. விசயநகர மரபின் பிற்கால அரசர்கள் அங்கிருந்து ஆண்டனர். 1639இல் ஆங்கிலேயர்க்குச் சென்னைக் கடற்கரையில் இடமளித்த தாமர்ல நாயக்கர் அம்மரபின் கீழ்ப்பட்டவர். பழைய ஆட்சியுரிமையே எல்லையை முடிவு செய்யுமாயின், சென்னையும் சந்திரகிரியைச் சார்ந்ததாகிவிடும். பழைய இலக்கியமே முடிவு செய்யுமாயின், சந்திரகிரி சென்னையைச் சாரும். இரண்டும் ஒருதலையான அளவுகோல்களே.

இதனாலேயே பின்னர் படாஸ்கர் ஊரை அலகாகக் கொண்டு, மக்கள் பேசும் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் கருதினார். அதன் பயனாக 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதியும் சந்திரகிரியும் ஆந்திரத்திலேயே நின்றன. திருத்தணியை மீட்டுத் தந்தது பாயிரம் மட்டுமன்று. அங்கு வாழ்ந்த மக்களின் பேச்சும் மங்கலங்கிழார் போன்றோர் ஊர்தோறும் ஆற்றிய பணியும் ஆகும்.

முடிவுரை

தன்வரலாறு ஒருவர் குரலால் இயங்குவது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்புற மக்களின் குரல் அவ்வடிவத்தில் சுருங்குதல் இயல்பு. இஃது ஆசிரியரின் குறையன்று. இலக்கிய வகைமையின் வரம்பு. ‘எனது போராட்டம்’ ஒரு தலைமுறையின் உணர்வெழுச்சியை அறிவதற்கு இன்றியமையாத மூலம். எல்லைச் சிக்கல் முழுவதற்கும் அதுவே தீர்ப்பாகாது. சந்திரகிரி, புத்தூர், சித்தூர் வட்டாரத் தமிழரின் வாய்மொழி வழக்குகளைத் தொகுத்து அந்நூலின் அருகில் வைத்துப் படிக்கும்போதே, ‘எல்லை’ என்னும் பாயிரச் சொல் தன் பழம்பொருளாகிய ‘மொழி வழங்குமிடம்’ என்பதை மீண்டும் பெறும். மாநிலக் கோட்டிற்கு அப்பால் தமிழ் வழங்கும்வரை அப்பொருள் மாறாது.