வில்லியனூர் வெயிலும் ரெண்டரிங் மென்பொருளும்

புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் வீடு கட்டப் போகிறவர்கள் இப்போதெல்லாம் பிளானோடு நிறுத்திக்கொள்வதில்லை. "அப்படியே 3டியும் போட்டுக் காட்டுங்க சார்" என்று சேர்த்தே கேட்கிறார்கள். கட்டட அனுமதிக்குக் கோட்டுப்படங்கள் போதும். ஆனால் ஆயுள் சேமிப்பைக் கொட்டப் போகும் குடும்பம் முடிவெடுப்பது வண்ணப் படத்தைப் பார்த்துத்தான். அதனால், இந்தப் படத்தை உருவாக்கித் தரும் எந்த ரெண்டரிங் மென்பொருளை வாங்குவது என்று ஒரு சிறிய அலுவலகம் எடுக்கும் முடிவு கடைசியில் அந்த வீட்டின் சுவரிலும் ஜன்னலிலும் வந்து நிற்கிறது.

சந்தையில் இருப்பவற்றைப் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று பொறுமையாகக் கணக்கிடும். 1986-இல் ஜேம்ஸ் கஜியா வகுத்த ரெண்டரிங் சமன்பாடுதான் இதற்கு அடிப்படை. பல்கேரியாவில் பிறந்த வி-ரே, பிராக் நகரில் பிறந்த கொரோனா, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் சைக்கிள்ஸ் ஆகியவை இந்த வகை. இரண்டாவது வகை வீடியோ கேம்களின் வழியில் வந்தது. லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன், டி5 ரெண்டர் ஆகியவை குறுக்குவழிக் கணக்குகளைக் கொண்டு உடனுக்குடன் படம் காட்டுகின்றன. 2018-இல் என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டுகளை வெளியிட்ட பிறகு இரண்டுக்கும் இடையே இருந்த தரவேறுபாடு வெகுவாகக் குறைந்துவிட்டது.

சிற்றூர் வீடுகளைப் பொறுத்தவரை இரண்டாவது வகையின் பலம் பெரிது. முன்பெல்லாம் ஒரு படம் தயாராக ஓர் இரவு ஆகும். திருத்தம் சொன்னால் இன்னோர் இரவு. பிளானில் இருக்கும் கோடுகள் பலருக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சப்படுவார்கள். இன்று வீட்டுக்கார அம்மா திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "தம்பி, அடுப்புக்கு எதிர்ல ஜன்னல் வேணாம், காத்து அடிச்சா அடுப்பு அணையும், அந்தப் பக்கம் தள்ளுங்க" என்கிறார். சொன்ன கையோடு ஜன்னல் நகர்கிறது. பூஜை அறைக்கு வெளிச்சம் போதுமா, மாடிப்படி ஏறும்போது தலை இடிக்குமா என்பதெல்லாம் செங்கல் வைக்கும் முன்பே பேசப்படுகின்றன. வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவருக்கு அதன் வடிவமைப்பில் பேச்சுரிமை கிடைத்திருப்பது சாதாரண மாற்றம் அல்ல.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதல் குறை சூரியன். வீட்டின் 3டி மாதிரியை வரையும் ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறிக்காமல் விட்டால், அது தான் பிறந்த ஊரான அமெரிக்காவின் போல்டர் நகரத்தையே இடமாக எடுத்துக்கொள்ளும். போல்டர் ஏறத்தாழ 40 பாகை வடக்கே இருக்கிறது. வில்லியனூர் 12 பாகைக்குச் சற்றுக் குறைவு. போல்டரில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். வில்லியனூரிலோ ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அது தலைக்கு வடக்கே நிற்கும். இடத்தை மாற்ற மறந்தவரின் படத்தில் வடக்குச் சுவர் கோடையின் உச்சிப் பொழுதில் நிழலில் கிடக்கும்; கட்டிய வீட்டில் அதே சுவரில் வெயில் விழும்.

மேற்குச் சுவர் இன்னும் மோசம். மே மாதத்தில் மாலை 4 மணிக்கு இங்கே சூரியன் ஏறத்தாழ 34 பாகை உயரத்தில் இருக்கும். இரண்டடி சன்ஷேடு அப்போது தரும் நிழல் ஒன்றரை அடிகூட இல்லை. நாலடி ஜன்னலின் மீதிப் பகுதி வழியாக வெயில் நேரே கட்டில்மேல் வந்து விழும். இதைக் காட்ட இந்த மென்பொருள்கள் எல்லாவற்றாலும் முடியும். இடத்தையும் தேதியையும் மணியையும் சரியாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகப் பொன்மாலை வெளிச்சம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படத்தை முடித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது குறை, மென்பொருளோடு வரும் பொருள் நூலகம். மேப்பிள் மரமும் பீச் மரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பூவரசையும் பனையையும் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நாட்டு ஓடும், புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடும், சிவப்பு ஆக்சைடு தரையும் பட்டியலில் அகப்படுவது அரிது. பளபளக்கும் கண்ணாடியும் வழுவழுப்பான டைல்ஸும் ஒரே கிளிக்கில் கிடைக்கின்றன. படத்திலும் அவைதான் எடுப்பாகத் தெரிகின்றன. எளிதாகக் கிடைப்பது படத்தில் ஏறுகிறது. படத்தில் ஏறியதை வீட்டுக்காரர் கேட்கிறார்.

புதுச்சேரி நகரத்தில் இருக்கும் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை இங்கே நினைக்க வேண்டும். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930-களில் தொடங்கி 1940-களில் நிறைவடைந்த கட்டடம் அது. வடக்கு, தெற்கு முகப்புகள் முழுக்கத் திறந்து மூடும் பட்டைத் தடுப்புகள். கண்ணாடி ஜன்னல் கிடையாது. அதன் சிறப்பே உள்ளே ஓடும் காற்றுதான். அந்தக் காற்றை எந்த ரெண்டரிங்கும் காட்டாது. படத்தின் கவர்ச்சியை மட்டும் அளவுகோலாக வைத்தால், இந்தக் கடலோரப் புழுக்கத்துக்கு மிகப் பொருத்தமான கட்டடம் சாம்பல் நிறப் பெட்டியாகத் தெரிந்து தோற்றுவிடும்.

மழையும் அப்படியே, படத்தில் வருவதில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கம் புகுந்தது. ஆனால் பெரும்பாலான 3டி படங்களில் வீடு சமதளப் புல்வெளியில் நிற்கிறது. தெருவின் மட்டமும் வாய்க்காலும் இல்லை. அஸ்திவார மட்டம் எவ்வளவு உயர வேண்டும் என்ற பேச்சு எழவே அந்தப் படம் இடம் தருவதில்லை.

செலவையும் எடைபோட வேண்டும். வி-ரே, என்ஸ்கேப் போன்றவை சந்தா முறையில் விற்கப்படுகின்றன. இரண்டு பேர் இருக்கும் சிறிய அலுவலகத்துக்கு அது கனமான சுமை. திருட்டுப் பிரதியின் பக்கம் கை நீளுவதும் இதனால்தான். அதற்கு இன்று அவசியமே இல்லை. ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு ட்வின்மோஷன் 2024 முதல் இலவசம். பிளெண்டர் எல்லோருக்கும் எப்போதும் இலவசம். 2025-இல் ஆஸ்கர் வென்ற 'ஃப்ளோ' என்ற அனிமேஷன் படம் முழுக்க அதில் உருவானது. கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் பிடிக்கும் என்பது பிளெண்டரின் உண்மையான விலை. ட்வின்மோஷனுக்கோ நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அறைக்குள் வரும் வெளிச்சத்தை அளந்தே பார்க்க வேண்டிய பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற வேலைகளுக்கு, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்டு உருவாக்கிய ரேடியன்ஸ் இருக்கிறது, அதுவும் இலவசம்தான். அதன் படங்கள் மயக்காது, ஆனால் எண்களை நம்பலாம்.

ஆக, இந்தப் பகுதியின் தனி வீடுகளுக்கு ட்வின்மோஷன் போன்ற உடனடி ரெண்டரிங்கே பொருத்தமான தேர்வு. நிபந்தனை, படத்தோடு இடமும் தேதியும் மணியும் எழுதித் தரப்பட வேண்டும். மே மாதம் மாலை 4 மணிப் படம் ஒன்றையும், தெருவோடு சேர்த்து வீட்டைக் காட்டும் படம் ஒன்றையும் வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

பொருள் நூலகக் குறையை மென்பொருள் நிறுவனங்கள் தீர்க்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பாலி ஹேவன் என்ற இணையத்தொகுப்பு, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொருள்களையும் வானங்களையும் உரிமைக் கட்டுப்பாடு இல்லாமல் வழங்குகிறது. அதே வழியில் புதுச்சேரியின் சிவில், கட்டடக்கலை மாணவர்கள் நாட்டு ஓட்டையும், காற்றுத் துளைகள் கொண்ட சுடுமண் ஜாலியையும், கடப்பாக் கல்லையும், பூவரசு, வேம்பு, பனை மரங்களையும் படமெடுத்து ஒரு பொதுத்தொகுப்பு உருவாக்கலாம். அப்போது ட்வின்மோஷன் வைத்திருப்பவரும் பிளெண்டர் வைத்திருப்பவரும் அதிலிருந்தே எடுத்துப் போடுவார்கள். படத்தில் பார்த்த சுடுமண் ஜாலியைக் கேட்டு வில்லியனூர்க் குயவர்களிடமும் ஆர்டர் போகும்.