லேபர் கேம்ப் ‘ஒன்லி’

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நம் தமிழ்ப் பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். ‘எக்ஸாம் டுமாரோ ஒன்லி.’ ‘ஹி இஸ் லைக் தட் ஒன்லி.’ கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. ‘நாளைக்குத்தான்’ என்கிறது வீட்டுத் தமிழ். ‘உத்யாச்’ என்கிறது பக்கத்து வீட்டு மராத்தி. ‘கல் ஹீ’ என்கிறது கடைத்தெரு இந்தி. மூன்றிலும் அழுத்தம் சொல்லுக்குப் பின்னால்தான். ஆங்கிலச் சொல்லுக்கும் அதே இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். பொருளும் மாறியது. லண்டன் ‘ஒன்லி’ பெரும்பாலும் விலக்கும்: நாளை மட்டும், வேறு நாள் இல்லை. நம் ‘ஒன்லி’ உறுதி சொல்லும்: சந்தேகமே வேண்டாம், நாளைதான்.

இங்கிலாந்திலும் அது ஓரிடத்தில் நின்றதில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்ற வேரிலிருந்து பிறந்த பெயரடை, பிறகு வினையடையானது. எந்தச் சொல்லைக் கட்டுப்படுத்துகிறதோ அதை ஒட்டியே நிற்க வேண்டும் என்று இலக்கணக்காரர்கள் அடம்பிடித்தார்கள். ஆனால் 1926இல் வெளிவந்த தம் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் அகராதியாளர் ஃபௌலர், பேச்சில் அது இயல்பாக நிற்கும் இடத்துக்காக வாதாடினார்.

ஆசிரியர்களே, நம் பிள்ளைகளின் ‘ஒன்லி’யைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். தேர்வுத்தாளுக்கு லண்டன் ‘ஒன்லி’, தெருவுக்கு நம் ‘ஒன்லி’ என்று இரண்டையும் சொல்லிக்கொடுங்கள்.