மூர்க்க நாயனாரின் சூதும் சுரிகையும்

சென்னையினின்றும் பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பெருவழியிலே குமணன்சாவடி என்னும் ஊர் உளது. ஆண்டுநின்று தெற்கே பிரியுஞ் சாலை மாங்காட்டைக் கடந்து குன்றத்தூரை அடையும். வடகிழக்கே சிறு தொலைவில் திருவேற்காடு உளது. மாங்காட்டுக் காமாட்சியம்மையையும் வேற்காட்டுக் கருமாரியம்மையையும் வழிபடச் செல்வார் நாடோறும் இவ்வழியே போதருகின்றனர். திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர் ஒருபாலும், அவராற் பாடப்பெற்ற மூர்க்க நாயனார் அவதரித்த வேற்காடு மற்றொருபாலுமாக, ஒருநாள் நடைக்குள்ளே அமைந்திருத்தலை அவருட் பலர் எண்ணுவதில்லை. எண்ணத்தக்கது அது. தம் அண்டையூரிற் பிறந்தார் ஒருவரைப் பாடும் புலவர், அவ்வூர்க்கு நாணந் தருவதாகிய செய்தியை மறைத்தலோ மெலிதாக்கலோ இயல்பு. சேக்கிழார் அவ்விரண்டுஞ் செய்திலர். அங்ஙனஞ் செய்யாமையே இப்புராணத்தின் பெருமை. பிற்காலத்தார் சிலர் இடர்ப்படுவதும் அதனாலேயே.

வரலாறு சிறிது. வேளாண்குடித் தலைவராகிய நாயனார், அடியாரை அமுது செய்வித்த பின்னரே தாம் உண்ணும் நியமம் பூண்டவர். அடியார் திரளத் திரளப் பொருள் அருகியது, உடைமைகள் விலைப்பட்டன. முன்னர்க் கற்றிருந்த சூது ஒன்றே எஞ்சியது. தம்மூரில் எதிர்நின்று ஆடுவார் இல்லாமையால், சிவபெருமான் உறையும் பிற பதிகளைத் தொழுது, அவ்வவ்விடத்துச் சூதாடிப் பொருள் ஈட்டித் திருக்குடந்தையை அடைந்தார். முதலாட்டத்தில் தோற்பார், பின்னாட்டங்களில் வெல்வார், மறுத்தாரைச் சுரிகையாற் குத்துவார். நற்சூதர் மூர்க்கர் என்னும் பெயர் இவ்வாற்றான் வந்தது. வென்ற பொருளை அவர் தீண்டார், அமுதாக்குவார் எடுத்துக்கொள்வர். அடியார் உண்டபின் கடைப்பந்தியில் அமர்ந்து தாமும் உண்பார். இங்ஙனம் வாழ்ந்து சிவபுரம் புக்கார் என்று புராணம் முடிகின்றது.

இதனை அவையில் எடுத்துரைப்பார் இருதிறத்தாற் பிழைபடுகின்றனர். ஒருசாரார் கவறினை இருவினையென்றும், சுரிகையினை ஞானவாளென்றும், மறுத்தாரை மும்மலமென்றும் உருவகஞ் செய்வர். கேட்டற்கு இனிதாயினும் நூலுக்குப் பொருந்தாது. சுரிகை ஞானமாயின் அடிசிலும் வேறொன்றாதல் வேண்டும்; அடியாரது பசியும் வேறொன்றாதல் வேண்டும். பசி உருவகமாயின் இந்நாயனார்க்கு வரலாறே இன்று. ஆக்குவோரையும் கடைப்பந்தியையும் அத்துணை நுணுக்கமாகக் காட்டிய புலவர், இரும்பை மட்டும் தத்துவமாக வைத்தார் எனல் யாங்ஙனம் பொருந்தும்?

மற்றொருசாரார், தொண்டின்பொருட்டாயின் எதுவுந் தகும் என்பர். இவர்க்குத் துணையாவது சிவஞான சித்தியார்ச் சுபக்கத்தில் அருணந்தி சிவாசாரியர் அருளிய கருத்து: அரனடிக்கு அன்புடையார் செய்யும் பாவமும் அறமாம், அன்பிலார் செய்யும் புண்ணியமும் பாவமாம். அதற்கு அவர் காட்டும் சான்றுகள் தக்கன் வேள்வியும், பூசையை இடறிய தந்தையின் தாளைத் தடிந்த சண்டேசுரரின் செயலுமாம். கொள்கை ஐயமற்றது. ஆயின் சண்டேசுரர் வரலாற்றில் இறைவன் விடைமேல் வெளிப்பட்டு, அப்பிள்ளைக்குத் தானே தந்தையாயினான். செயலின் தன்மைக்கு அவன் வெளிப்பாடே சான்று. மூர்க்கர் புராணத்தில் அத்தகைய வெளிப்பாடு யாதும் இல்லை. குத்துண்டவர் எழுந்திலர், அசரீரி ஒலித்திலது. எனவே சண்டேசுரர்க்குரிய விதியை இங்கு ஏற்றி அமைதி கொள்வார், புலவர் வைத்த வேறுபாட்டைக் காணாதாராவர்.

அவ்வேறுபாடு விளங்கத் தொண்டைநாட்டு மற்றொரு நாயனாரை அருகில் வைத்து நோக்குக. திருவொற்றியூர்க் கலிய நாயனார் செக்குத் தொழிலினர். திருக்கோயிலில் விளக்கெரித்தல் அவர் பணி. அவர்க்கும் செல்வம் தொலைந்தது, கூலிக்கு உழைத்தார், அதுவும் முட்டுப்பட, மனைவியாரை விற்கவும் முயன்றார், கொள்வார் இலர். முடிவில் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியை நிறைக்கத் துணிந்து கழுத்தை அரிந்தார். இறைவன் கை பிடித்துத் தடுத்தான். பொருள் தீர்ந்த இடத்தில் ஒருவர் கருவி தம் கழுத்தை நோக்கியது. மற்றவர் கருவி பிறரை நோக்கியது. முன்னதைத் தடுத்த கை பின்னதைத் தடுத்திலது. இரண்டையும் பாடியவர் ஒருவரே ஆதலின், இஃது அறியாது நிகழ்ந்த வேற்றுமை அன்று.

சூது நாயனார்க்கு வந்த வகையும் கருதற்பாலது. திருவள்ளுவர் பொருட்பாலில் 94-ஆம் அதிகாரத்தைச் சூதுக்கே ஒதுக்கி, அதில் வரும் வெற்றி மீனுக்கிட்ட தூண்டில் போல்வது என்றார். முதற்பணயத்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்துப் பின் வெல்லும் நாயனாரின் முறையில் தூண்டிலிட்டவர் அவரே. சேக்கிழார் இதனை ஒளித்திலர். நற்சூது என்பதிலுள்ள நன்மை வஞ்சமின்மையைக் குறிப்பதென்பார் இம்முதலாட்டத்தை மறந்தார். அந்நன்மை கற்றறிந்த திறமையையும், பொருள் சென்றடைந்த இடத்தையும் குறிப்பதாகக் கொள்ளலே நேரிது.

திறமை என்னும் இச்சொல் இந்நாளிலும் வழக்கில் அகப்பட்டுள்ளது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு இயற்றிய 2022-ஆம் ஆண்டுச் சட்டம், 2023 ஏப்பிரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கொண்டு, அவற்றின் மீதான தடையை நீக்கியது. வழக்கின் நுட்பம் வழக்கறிவார்க்கு. கைப்பேசியில் ஆடிக் குடிகெட்டவன் மனைக்கு அந்நுட்பம் சோறிடாது. அத்தகைய பொருளில் ஒரு கூற்றை எடுத்து ஆடித் திங்களிற் கூழ் வார்த்தும், திருவிழாவில் அன்னம் படைத்தும், மூர்க்க நாயனார் செய்ததன்றோ என்பார் உளராயின், அவர்க்கு விடை புராணத்திலேயே உளது.

விடை யாதெனின், தீண்டாமை. வென்ற பொருளில் நாயனார் கைவைத்திலர். ஈட்டுவோன் வேறு, துய்ப்போன் வேறு என நின்றார். கூறு பிரித்தற்கு அங்கு இடமே இல்லை. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம், இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் நிற்க மலமும் மாயையும் வல்வினையும் இலவாம் என்று அறிவுறுத்துகின்றது. வினை கழிதற்கு அங்குக் கூறிய ஏது பணிநிற்றல். நல்ல பயன் விளைந்தது என்பதன்று. செயல் இறைபணியாயிற்றோ அன்றோ என்பதைச் செய்வோன் தன் வாயாற் சொல்லிக்கோடல் எளிது. சேக்கிழார் அதனைச் சொல்லிற் காட்டாமல், பொருளைத் தொடாத கையிலும் இறுதி வரிசையில் இட்ட இலையிலும் காட்டினார். அடியார் வேடத்தை அரன் எனவே தொழுக என்னும் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் பொருளும் இக்கடைப்பந்தியில் விளங்கும். முதல் வரிசையில் இருந்தவர் அவர்க்கு விருந்தினர் அல்லர், சிவனே. சிவன் உண்டு எஞ்சியதை உண்டவர் தம்மைக் கொடையாளி என்று எண்ணியிரார்.

இஃது அவரைக் கொள்ளும் முறையை வரையறுப்பதேயன்றிச் சுரிகைக்கு முழு விடையாகாது. குத்துண்டவரும் சூதாடத் தாமே வந்தவர், தோற்றபின் மறுத்தவர் என்பது ஒரளவு அமைதி. அவர்க்கும் மனையும் மக்களும் இருந்திருத்தல் கூடும். நூலாசிரியர் அவருக்காக ஒரு சொல்லும் சொல்லிற்றிலர். நாயனாருக்காக வாதாடவும் இல்லை. இந்தப் பேசாமையை ஒரு குறையாகக் கருதுவாரும் உளர். வாதாடியிருப்பின் அஃது ஒரு வழக்குரையாய் முடிந்திருக்கும்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் தண்டியடிகளுக்கும் சோமாசிமாறருக்கும் அடைகொடுத்து, இடையில் மூர்க்கரை வெறும் பெயராலேயே வைத்துத் தம்மை அவர்க்கு அடியேன் என்றார். ஊரார் இட்ட வன்பெயர் அது. அதனை மாற்ற அவரும் முயன்றிலர். வழிவந்த சேக்கிழார் அப்பெயருக்குக் காரணமாகிய குருதியை ஒரு பாட்டிற் சொல்லி, அடுத்த பாட்டிலேயே பொருள் தீண்டாக் கையைச் சொன்னார். இரண்டிற்கும் இடையே ஒரு சமாதானமும் வைத்திலர்.