கணக்கு பலித்தது, கருவி பலிக்கவில்லை

ஓசூரில் எந்தத் தெருவிலாவது நின்று மொட்டை மாடிகளை அண்ணாந்து பாருங்கள். டாட்டா பிளே தட்டுகள் யாவும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 74 பாகை உயரத்தில் ஓர் இடமே அவற்றின் குறி. அங்கே, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் ஜிசாட்-24 இருக்கிறது. 2022 ஜூன் 23இல் ஏவப்பட்ட வணிகத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் அது.

இத்தகைய கோள்களுக்கு வித்து என்று எல்லோரும் போற்றும் கட்டுரை ஒன்றுண்டு. ஆர்தர் கிளார்க் 1945 அக்டோபரில் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதியது. புகழுரைகளை ஒதுக்கிவிட்டு அதை எடை போட்டுப் பார்ப்போமா?

முதலில் நிறை. பூமியின் மையத்திலிருந்து சுமார் 42,000 கி.மீ. தொலைவில் சுற்றும் பொருள் ஒரு சுற்றை ஒரு நாளில் முடிக்கும். பூமியும் அதே நேரத்தில் ஒருமுறை சுழல்வதால், அப்பொருள் நம் கண்ணுக்கு நிற்பதுபோலவே இருக்கும். இப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்றார் கிளார்க். கணக்கில் பிழையில்லை. ஆயினும் இந்தப் பாதையை முதலில் சொன்னவர் அவர் அல்லர். ஹெர்மன் பொட்டோச்னிக் 1928இலேயே தம் நூலில் அதை விவரித்திருந்தார். உலக ஒலிபரப்புக்கு அது உதவும் என விளக்கியதே கிளார்க்கின் தனிப்பெருமை.

இனிக் குறை. அந்த நிலையங்களில் ஊழியர்கள் குடியிருப்பார்கள், ராக்கெட்டுகள் அவர்களுக்கு உணவு கொண்டு செல்லும் என்று எழுதினார். அது வால்வு வானொலிக் காலம். பழுதான வால்வை மாற்ற ஆள் வேண்டாமா? டிரான்சிஸ்டர் 1947இல்தான் பிறந்தது. அவர் வானத்தில் குடியேற்றிய ஊழியர்கள் இன்று தரையிலேயே இருக்கிறார்கள். ஓசூருக்கு மேற்கே, கர்நாடகத்தின் ஹாசனில் உள்ள நிலையத்திலிருந்து நம் நாட்டுக் கோள்களை இயக்குகிறார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. இயற்கை விதியைப் பற்றி அவர் சொன்னது அப்படியே நின்றது. கருவியைப் பற்றி ஊகித்தது இரண்டே ஆண்டுகளில் ஆட்டங்கண்டது. இன்றும் விண்வெளியைப் பற்றிப் பெரிய வாக்குறுதிகள் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது எது விதி, எது ஊகம் என்று பிரித்துப் பாருங்கள். எழுதியவர் எத்தனை பெரியவராயினும் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.