அம்பு மூங்கில்

ஜப்பானிய வில்வித்தையான கியூடோவில் எய்யும் அம்புக்கு 'யா' என்று பெயர். மரபான யாவின் தண்டு யாடாகே என்னும் ஒல்லி மூங்கிலில் ஆனது. பெயரின் பொருளே அம்பு மூங்கில்தான். கணுக்கள் அதிகம் புடைக்காது, கணுவிடை நீளம், சுவர் கனம். இந்த வேலைக்கென்றே முளைத்ததுபோல் இருக்கும்.

குளிர்காலத்தில் வெட்டி, நன்றாகக் காயவிடுகிறார்கள். காய்ந்த கழி அப்படியே நேராக இருப்பது அபூர்வம். கைவேலையின் நுட்பம் இங்கேதான். கழியைக் கரித்தணலில் வாட்டி, இளகிய நொடியில் காடி வெட்டிய மரக்கட்டையில் கொடுத்து, நெம்பி நிமிர்த்த வேண்டும். சூடு போதாவிட்டால் பழைய வளைவு திரும்பிவிடும், மிஞ்சினால் கருகிவிடும். பின்னர் கணுவைச் சீவி, மணலும் நீரும் சேர்த்துக் காடியுள்ள கற்களுக்கிடையே தேய்ப்பார்கள். மறுபடி தணலில் காட்டினால் தண்டு விறைக்கும், பழுப்பேறும்.

பொறுமையைச் சோதிப்பது இணை சேர்ப்பதுதான். எடை, விறைப்பு, கணு விழும் இடம் மூன்றும் ஒத்த கழிகளைக் குவியலிலிருந்து பொறுக்க வேண்டும். நல்ல தொகுதியின் 4 அம்புகளை அருகருகே வைத்தால் கணுக்கள் ஒரே வரிசையில் நிற்கும். அலுமினியக் குழாயில் செய்த அம்பில் இந்த அழகு ஏது? ஆனால் ஈரக்காற்று அதைக் கோணலாக்காது என்பதும் உண்மை.

கடைசியாக, தண்டுக்கு 3 இறகுகள். இறகு வளையும் திசையைப் பொறுத்து, இணையில் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுழன்று பறக்கும். முதலில் எய்வது ஹாயா, அடுத்தது ஒட்டோயா.