'மெசையா'வை முழுதாகக் கேளுங்கள்

ஹேண்டலின் 'மெசையா' என்றதும் பலருக்கும் அல்லேலூயா கோரஸ்தான் நினைவுக்கு வரும். இரண்டரை மணி நேர இசைப் படைப்பில் அது நாலைந்து நிமிடம்தான். முழுதாகக் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுதலைத் தீர்க்கதரிசனத்தோடு சேர்த்தே ஏன் பேசுகிறார்கள் என்பது காதிலேயே விளங்கிவிடும்.

சார்ல்ஸ் ஜென்னன்ஸ் வேத வசனங்களைக் கோத்துக் கொடுக்க, 1741இல் ஹேண்டல் 24 நாளில் இசையமைத்தார். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் அரங்கேறியது. இதில் இயேசுவாக யாரும் பாடுவதில்லை. அவர் பட்ட பாடுகளைப் பெரும்பாலும் ஏசாயாவும் சங்கீதங்களுமே சொல்கின்றன.

முதல் பாகம்: பைபிளில் ஏசாயா 40ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஈ மைனரில் கனத்து ஒலிக்கும் முன்னிசை அடங்கியதும், வயலின்கள் ஈ மேஜருக்கு மாறுகின்றன. டெனர் குரல் ஆறுதல் சொல்லத் தொடங்குகிறது. இந்த ஈ மேஜரின் நிறத்தை மனதில் இருத்துங்கள்.

இரண்டாம் பாகம்: ஏசாயா 53க்கு வாருங்கள். வழிதப்பிய ஆடுகளைப் பற்றிய கோரஸ் துள்ளிக்கொண்டு ஓடும். நம் அக்கிரமம் அவர்மேல் சுமத்தப்பட்டது என்ற இடத்தில் வேகம் தளர்ந்து மைனருக்கு இறங்கும். நம் விளையாட்டுத்தனத்தின் விலை அங்கே தெரிகிறது. பிறகு மரணம், ஒரே ஒரு வசனத்தில். அடுத்து, ஆத்துமாவைப் பாதாளத்தில் விட்டுவிடமாட்டீர் என்னும் சங்கீதம் 16:10ஐத் தவறவிடாதீர்கள். வெறுமையான கல்லறையோ தூதரோ வராமல், ஒற்றைக் குரலில் உயிர்த்தெழுதல் நடந்துவிடுகிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எடுத்துக்காட்டியதும் இதே வசனத்தைத்தான். அந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீதின் கல்லறை நம்மிடையே இருக்கிறது, ஆகவே தாவீது பாடியது தன்னைப் பற்றியல்ல, கிறிஸ்துவைப் பற்றியே என்பது பேதுருவின் வாதம்.

மூன்றாம் பாகம்: ஈ மேஜர் திரும்பி வருகிறது. எல்லாவற்றையும் இழந்த யோபு தன் மீட்பர் உயிரோடிருப்பதாகச் சொன்ன நம்பிக்கையையும் (யோபு 19), கிறிஸ்து எழுந்தார் என்ற பவுலின் அறிவிப்பையும் (1 கொரிந்தியர் 15:20) ஒரே பாடலாகச் சோப்ரானோ பாடுகிறார். யோபு எதிர்பார்த்ததைப் பவுல் நடந்துவிட்டதாகச் சொல்கிறார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள ஹேண்டலின் சிலை பிடித்திருப்பதும் இந்தப் பாடலின் தாளைத்தான்.

அதன் பின் ட்ரம்பெட் முழங்குகிறது. ஹேண்டல் அதைச் சில இடங்களில்தான் ஒலிக்க விடுகிறார். இங்கே அது பேஸ் குரலோடு சேர்ந்து, மரித்தவர்கள் எழுவார்கள் என்கிறது. இதுவரை கேட்டது இயேசுவின் கதை, இனி நம் கதை. முன்னே உரைத்தவை நிறைவேறின என்று முதல் இரண்டு பாகங்களும் காட்டியதால்தான், இன்னும் நிறைவேறாத இந்த வாக்கையும் விசுவாசி துணிந்து நம்புகிறார்.